18 மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பலாமா? நகர மேலாளர் ஒப்பந்தத்துக்கு வரம்பு எது?

கொன்றைப்பூ (#1)

எல்லாருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள், அதிலும் நகராட்சி விவகாரம் தெரிந்தவர்கள், கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஊர் சின்னது. ஐந்து பேர் கொண்ட கவுன்சில், அவர்களுக்குக் கீழே நிர்வாகத்தைப் பார்க்க ஒரு சிட்டி மேனேஜர். போன செவ்வாய்க்கிழமை மூடிய கூட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற ஓட்டில் அவரை நீக்கிவிட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் இதே கவுன்சில் அவர் ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்கு நீட்டியது. இப்போது 18 மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பப் போகிறார்களாம். மாதச் சம்பளம் 21,000 டாலர். அப்படியென்றால் 3,78,000 டாலர்.

ஜூன் மாத பட்ஜெட்டில் பணம் இல்லை என்று சொல்லி நூலகத்துக்கு வியாழனும் ஞாயிறும் விடுமுறை விட்டார்கள். என் மகள் வியாழக்கிழமை மாலையில்தான் அங்கே உட்கார்ந்து கணக்குப் பாடம் படிப்பாள். முதல் வாரம் தெரியாமல் போய், கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அந்தத் தாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நீக்கப்பட்ட ஒருவருக்கு ஒன்றரை வருடச் சம்பளம் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? இதற்கு வரம்பே கிடையாதா?

---

குமரிக்கடல் (#2)

எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது எனக்குக் கிடைத்தது மூன்று வாரச் சம்பளம். பதினோரு வருடம் வேலை பார்த்திருந்தேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

---

பழைய_கணக்கர் (#3)

வரம்பு இருக்கிறதம்மா. நான் வேறொரு கலிஃபோர்னியா நகரத்தில் சிட்டி கிளார்க் அலுவலகத்தில் 19 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்த ஒப்பந்தங்களை அஜெண்டாவில் ஏற்றுவதும், கூட்டம் முடிந்ததும் மினிட்ஸ் எழுதுவதும் என் வேலையாக இருந்தது.

மாநில அரசுச் சட்டத் தொகுப்பில் 53260 என்று ஒரு பிரிவு. உள்ளாட்சி அமைப்பு தன் ஊழியரோடு போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இது இருந்தாக வேண்டும். இடையில் முறித்தால் கொடுக்கும் ரொக்கம், மாதச் சம்பளத்தை மீதமிருக்கும் மாதங்களால் பெருக்கினால் வரும் தொகையைத் தாண்டக் கூடாது. மீதம் 18 மாதத்துக்கு மேல் இருந்தால் 18 மாதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 36 மாத ஒப்பந்தத்தில் 8 மாதம் போய்விட்டது, மீதம் 28. அது 18-ஐத் தாண்டுவதால் உச்சவரம்பு 18. மாதம் 21,000 என்றால் 3,78,000 என்பது சரியாக வருகிறது. ஏழு மாதம்தான் மீதம் என்றால் 1,47,000-க்கு மேல் ஒரு காசு கொடுக்க முடியாது.

இப்போது எல்லாரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இந்தக் கணக்கு ஓர் உச்சவரம்புதான், எட்ட வேண்டிய இலக்கும் அல்ல, எல்லா ஒப்பந்தங்களுக்குமான மாதிரித் தொகையும் அல்ல. இவ்வளவு தெளிவாகச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒப்பந்த வரைவு வரும்போதெல்லாம் "மாநிலச் சட்டப்படி 18 மாதம்" என்று யாராவது சொல்வார்கள், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். 18 மாதம் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கிடையாது. ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் ஆறுதான்.

அதனால் முதலில் அந்த ஒப்பந்தத்தைக் கையில் வாங்குங்கள். 53262-ஆம் பிரிவுப்படி அது திறந்த கூட்டத்தில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், மினிட்ஸில் பதிவாகியிருக்க வேண்டும், கேட்பவர்களுக்கு நகல் கொடுக்க வேண்டும். கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை.

---

நெய்தல் (#4)

பெல் நகரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. நான் அப்போது தென்கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் குடியிருந்தேன். இரண்டரை சதுர மைல் ஊர், சுமார் 36,000 பேர், பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள்.

2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அந்தச் செய்தியைப் போட்டது. சிட்டி மேனேஜர் ராபர்ட் ரிஸ்ஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். சலுகைகளையும் சேர்த்தால் சுமார் 15 லட்சம் டாலர். பகுதிநேர கவுன்சிலர்கள் பெரும்பாலானோருக்கு ஆளுக்கு லட்சத்தை ஒட்டி. 1993-இல் அவர் வேலைக்கு வந்தபோது சம்பளம் 72,000. 17 வருடத்தில் பத்து மடங்கைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தத்தில் வருடா வருடம் ஜூலையில் 12 சதவீதம் தானாக ஏறும் என்று ஒரு வரியும் இருந்தது. வருடத்துக்கு 107 நாள் விடுமுறை, அது போக 36 நாள் மருத்துவ விடுப்பு. எல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது.

இதற்குக் கதவைத் திறந்தது 2005-இல் நடந்த ஒரு சிறப்புத் தேர்தல். பெல் நகரத்தைச் சாசன நகரமாக, அதாவது தன் சொந்தச் சாசனப்படி நடக்கும் நகரமாக, மாற்றலாமா என்று கேட்டார்கள். மாறினால் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருக்கும் வரம்பு பொருந்தாது. அன்று ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை.

செய்தி வந்த பிறகு கவுன்சில் கூடத்துக்கு வெளியே நின்ற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். என் பக்கத்தில் நின்ற பெண்மணி தன் சொத்துவரி ரசீதை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். அந்த ஊரின் சொத்துவரி விகிதம் மாவட்டத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. அந்த ரசீதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். உள்ளே போக இடம் கிடைக்கவில்லை.

2014-இல் ரிஸ்ஸோவுக்கு 12 வருடச் சிறைத்தண்டனை. வரி மோசடி வழக்கில் தனியாக 33 மாதம். அந்தச் செய்திக்கு 2011-இல் புலிட்சர் பத்திரிகை விருது கிடைத்தது.

---

பழைய_கணக்கர் (#5)

நன்றி நெய்தல். அந்த ஊரால்தான் 2011-இல் ஏபி 1344 என்ற சட்டம் வந்தது. 2012 ஜனவரி 1-க்குப் பிறகு கையெழுத்தான, அல்லது புதுப்பித்த உயர் அதிகாரி ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். சாசன நகரமும் விதிவிலக்கு இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, அதோடு விலைவாசி உயர்வைத் தாண்டிச் சம்பளமும் தானாக ஏறும்படி எழுதக் கூடாது. பெல் நகரத்து 12 சதவீத வரிக்கு நேரே வைத்த பூட்டு இது. முறிவுத் தொகை 53260 சொல்லும் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதை இந்தச் சட்டமும் இன்னொரு முறை சொன்னது. பதவியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றத்துக்குத் தண்டனை பெற்றால், வாங்கிய முறிவுத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். விசாரணைக் காலத்தில் வாங்கிய விடுப்புச் சம்பளத்துக்கும், நகரம் கொடுத்த வழக்குச் செலவுக்கும் அதே கதிதான்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. உயர் அதிகாரியின் சம்பளத்தையோ சலுகையையோ பற்றிப் பேச 'சிறப்புக் கூட்டம்' கூட்டக் கூடாது. வழக்கமான கூட்டமென்றால் 72 மணி நேரத்துக்கு முன்னால் அஜெண்டா ஒட்ட வேண்டும். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும். ஒரே ஒரு நாளில் யாருக்குத் தெரியும், யார் வருவார்கள்?

அப்புறம் 2016-இல் எஸ்பி 1436 என்ற சட்டம். சம்பளத்தை முடிவு செய்யும் முன், என்ன கொடுக்கிறோம் என்ற சுருக்கத்தை அதே கூட்டத்தில் வாயால் படிக்க வேண்டும். முன்பெல்லாம் பதினைந்து இருபது விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே ஓட்டில் முடிப்பார்கள். மேனேஜர் ஒப்பந்தம், தெருவிளக்கு டெண்டருக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் நடுவே போய்விடும். இப்போது அதைத் தனியாக எடுத்து உரக்கப் படித்தாக வேண்டும். முதல் தடவை அப்படிப் படித்தபோது எங்கள் கூடத்தில் ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு பெரியவர் காதுக்குக் கைவைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார்.

---

தாமரைக்குளம் (#6)

நான் இங்கே கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் கணவர் உதவி சிட்டி மேனேஜர். பதினோரு வருடத்தில் மூன்று ஊர் மாறிவிட்டோம். இந்த வேலையில் பணிப் பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது. ஐந்தில் மூன்று பேர் கை தூக்கினால் மறுநாள் வேலை இல்லை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

முந்தைய ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கவுன்சிலர், தனக்கு வேண்டியவரின் கட்டட அனுமதியைச் சீக்கிரம் முடித்துத் தரச் சொன்னார். தீயணைப்புத் துறை பார்த்துக் கையெழுத்துப் போடாமல் முடியாது என்று அங்கிருந்த மேனேஜர் சொல்லிவிட்டார். அடுத்த தேர்தலில் அந்தக் கவுன்சிலரின் அணிக்கு மூன்று ஓட்டு சேர்ந்தது, மேனேஜரின் வேலை போனது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த மேனேஜரும் என் கணவரும் அன்றிரவு பேசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மேனேஜரின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. இன்னொரு ஊரில் வேலை தேடி, வீட்டை விற்று, பையனைப் பள்ளி மாற்றி... ஒரு வருடம் ஆகும். அவரால் அந்த 'முடியாது' என்ற வார்த்தையைச் சொல்ல முடிந்ததே ஒப்பந்தத்தில் ஒன்பது மாத செவரன்ஸ் (முறிவுத் தொகை) இருந்ததால்தான்.

அந்தத் தொகையே இல்லை என்றால் நல்லவர்கள் இந்த வேலைக்கு வர மாட்டார்கள். வருபவர்களும் மூன்று பேர் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

---

கொன்றைப்பூ (#7)

தாமரைக்குளம், உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

ஆனால் உங்கள் நண்பர் ஒன்பது மாதத்தை நம்பித் தைரியமாக நின்றார் என்றால், 18 எதற்கு?

---

தாமரைக்குளம் (#8)

நியாயமான கேள்வி. 18 மாதம் தேவை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.

இன்னொரு பாதுகாப்பும் சில நகரங்களில் இருக்கிறது. தேர்தல் முடிந்து முதல் 90 நாளுக்குள் மேனேஜரை நீக்கக் கூடாது என்று நகர விதியிலேயே எழுதியிருப்பார்கள். புதிதாக ஜெயித்து வந்தவர்களின் சூடு தணியட்டும், அந்த ஆளின் வேலையை நேரில் பார்க்கட்டும் என்பதற்காக. அதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

---

வெண்டைச்செடி (#9)

பள்ளி மாவட்டங்களுக்கு இந்த 18 கிடையாது. சூப்பரிண்டெண்டன்ட் ஒப்பந்தம் 2016 ஜனவரி 1-க்குப் பிறகு போட்டது என்றால் உச்சவரம்பு 12 மாதம். நான் பெற்றோர் குழுவில் இருந்தபோது தெரிந்துகொண்டது. பள்ளிக்கு 12 போதும் என்றால் நகரத்துக்கு ஏன் 18?

---

மணல்மேடு (#10)

ஃப்ளோரிடாவிலிருந்து. இங்கே 2011 ஜூலை 1-க்குப் பிறகு போட்ட அரசு வேலை ஒப்பந்தங்களில் செவரன்ஸ் 20 வாரச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஒழுங்கீனத்துக்காக நீக்கினால் ஒன்றுமே கிடையாது. ஒப்பந்தத்தில் செவரன்ஸ் பற்றி எழுதவே இல்லை, ஆனால் தகராறு வந்து சமாதானம் பேசுகிறார்கள் என்றால் ஆறு வாரம்தான் உச்சம்.

20 வாரம் என்பது ஐந்து மாதம்கூட இல்லை. ஆனாலும் இங்கே நகரங்களுக்கு மேனேஜர்கள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'நல்லவர்கள் வர மாட்டார்கள்' என்ற வாதத்தை நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

---

தென்றல்_நிலம் (#11)

நியூசிலாந்தில் பணத்தைவிடக் காலத்துக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி கவுன்சிலின் தலைமை நிர்வாகியை ஐந்து வருடத்துக்கு மேல் நியமிக்க முடியாது. அது முடிவதற்கு முன் அவர் வேலையை முறையாக மதிப்பாய்வு செய்ய வேண்டும். திருப்தி என்றால் விளம்பரம் செய்யாமலே அதிகபட்சம் இன்னும் இரண்டு வருடம் கொடுக்கலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் பதவியை வெளியில் விளம்பரம் செய்ய வேண்டும். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம்.

எனக்குப் பிடித்தது அந்த விளம்பரம் செய்யும் கட்டாயம்தான். ஏழு வருடத்துக்கு ஒரு முறையாவது 'இவரைவிடப் பொருத்தமானவர் இருக்கிறாரா' என்று கவுன்சில் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

---

சாரல் (#12)

வரம்பு வைப்பதிலும் கவனம் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். பொதுத்துறையில் யாரை அனுப்பினாலும் மொத்தம் 95,000 பவுண்டுக்கு மேல் கூடாது என்று 2020 நவம்பரில் விதி கொண்டுவந்தார்கள். குறி வைத்தது பெரிய சம்பள அதிகாரிகளை. ஆனால் முன்கூட்டியே ஓய்வு பெறுபவரின் பென்ஷனுக்காக நிர்வாகம் கட்டும் தொகையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 55 வயதைத் தாண்டி, முப்பது முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த, நடுத்தரச் சம்பளம் வாங்கிய உள்ளாட்சி ஊழியர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரியில் அரசாங்கமே அதைக் கைவிட்டது. மூன்று மாதம்தான் ஓடியது.

நான் அப்போது ஒரு தொழிற்சங்கக் கிளையில் உதவிக்கொண்டிருந்தேன். சமூகநலப் பிரிவில் வேலை பார்த்த ஓர் அம்மா தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, "நான் எப்போது பெரிய அதிகாரி ஆனேன்?" என்று கேட்டார். வரம்பு என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது. யார் தலையில் விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதினால் இதுதான் நடக்கும்.

---

குமரிக்கடல் (#13)

நம்மூரில் இந்தப் பேச்சே எழாது. மாநகராட்சி ஆணையரை மாநில அரசு அனுப்பும், மாநில அரசே மாற்றும். மன்றம் ஒப்பந்தம் போடுவதும் இல்லை, முறிப்பதும் இல்லை. ஒரே ஆணையில் இடமாற்றம் முடிந்துவிடும். அதனால்தான் இங்கே வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் விளங்கவே இல்லை.

---

கொன்றைப்பூ (#14)

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது! பழைய_கணக்கர் ஐயா சொன்ன மாதிரியே மின்னஞ்சல் அனுப்பினேன், நான்காம் நாள் பிடிஎஃப் வந்தது. 14 பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது: காரணம் இல்லாமல் நீக்கினால் 12 மாத அடிப்படைச் சம்பளம், அல்லது மீதமிருக்கும் காலத்துக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. 18 என்ற எண் அதில் எங்குமே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் இதை ஏற்றுக்கொண்ட கூட்டத்தின் வீடியோவையும் பார்த்தேன். அந்த விஷயம் ஓடியது நான்கு நிமிடம். பொதுமக்கள் கருத்து உண்டா என்று மேயர் கேட்கிறார். கேமரா காலி நாற்காலிகளைக் காட்டுகிறது. நான் அன்று மாலை எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில்தான். கூட்டம் நடக்கும் இடம் எங்கள் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை.

அடுத்த கூட்டத்துக்கான அஜெண்டாவும் வந்துவிட்டது. அதில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: 12 மாதச் சம்பளம், கூடவே நான்கு மாதம் 'சிறப்பு ஆலோசகர்' என்று அதே சம்பளத்தில் பதவி, 18 மாதம் மருத்துவக் காப்பீடு. மொத்தம் 16 மாதச் சம்பளம்தான் ஆகிறது, 18-க்குள் இருக்கிறது, அதனால் சட்டப்படி சரி என்று அறிக்கை சொல்கிறது. சரியா?

---

பழைய_கணக்கர் (#15)

நல்ல காரியம் செய்தீர்கள்.

காப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன். 53261-ஆம் பிரிவுப்படி முறிவுத் தொகையோடு ரொக்கம் அல்லாத எதையும் கொடுக்கக் கூடாது, மருத்துவக் காப்பீடு மட்டும் விதிவிலக்கு. அதையும் ரொக்கத்தைக் கணக்கிட்ட அதே காலத்துக்கு, அல்லது அவருக்கு வேறு வேலை கிடைக்கும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் தொடரலாம். 12 மாத ரொக்கத்துக்கு 18 மாதக் காப்பீடு எப்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆலோசகர் பதவி இதைவிடப் பெரிய விஷயம். ஒப்பந்தப்படி நகரம் கொடுக்கக் கடமைப்பட்டது 12. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் நகரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்ல வேண்டும். பொதுப் பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது என்பது மாநில அரசியலமைப்பின் 16-ஆம் பகுதி, 6-ஆம் பிரிவு. உண்மையிலேயே ஒரு வழக்கு வரும், அதைத் தவிர்க்கக் கொடுக்கிறோம் என்றால் அது பொதுக் காரியம் ஆகும். உண்மையிலேயே வேலை வாங்கப் போகிறார்கள் என்றாலும் சரிதான். அப்படியானால் என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாரிடம் அறிக்கை கொடுப்பார் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். ஆலோசகர் பதவி என்ற பெயரில் மாதங்களைக் கூட்டிய வரைவுகள் என் கண்ணிலும் பட்டிருக்கின்றன. ஒன்றில் வேலை விவரம் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'தேவைக்கேற்ப'.

'18-க்குள் இருக்கிறது' என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண் கூரை எவ்வளவு உயரம் என்று சொல்கிறது. நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கம்தான் சொல்கிறது.

---

தாமரைக்குளம் (#16)

ஆலோசகர் விஷயத்தில் நானும் ஐயா பக்கம்தான். ஒப்பந்தத்தில் எழுதியதை முழுசாகக் கொடுங்கள், ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். எழுதாததைச் சேர்க்காதீர்கள். பின்னால் பேசிச் சேர்த்துக்கொள்ளும் பணம் அடுத்து வரும் மேனேஜர்களுக்கும் கெட்ட பெயரைத்தான் தரும்.

கொன்றைப்பூ, பேசும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரைத் திட்டாதீர்கள். அவருக்கும் அந்த ஊரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கலாம். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுங்கள்.

---

கொன்றைப்பூ (#17)

அவசரம். அதே அஜெண்டாவின் கூடவே இன்னொன்று வந்திருக்கிறது. வியாழக்கிழமை 'சிறப்புக் கூட்டம்'. ஒரே ஒரு விஷயம்: இடைக்கால சிட்டி மேனேஜருக்கான ஒப்பந்தமும் சம்பளமும். ஐயா, நீங்கள் மேலே சொன்னது இதுதானே?

---

பழைய_கணக்கர் (#18)

அதேதான். மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 54956(பி) பிரிவு. இடைக்காலம் என்றாலும் அவர் தலைமை நிர்வாக அதிகாரிதான். அவர் சம்பளத்தைச் சிறப்புக் கூட்டத்தில் எடுக்க முடியாது. இன்றே கிளார்க்குக்கும் நகர வழக்கறிஞருக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரிவு எண்ணைப் போட்டு இரண்டு வரி. மரியாதையாக எழுதுங்கள். கிளார்க் அலுவலகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தடுக்கத்தான் நினைப்பார்கள், வெளியிலிருந்து யாராவது கேட்டால் அவர்களுக்கும் பிடிமானம் கிடைக்கும். எனக்கு அப்படிக் கிடைத்திருக்கிறது.

---

நெய்தல் (#19)

கூட்டத்தில் மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். எழுதி வைத்துக் கடிகாரத்தோடு படித்துப் பாருங்கள். பக்க எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள். கவுன்சிலர்கள் கையிலும் அதே கட்டு இருக்கும். அவர்கள் புரட்டிப் பார்க்கும் ஓசை கேட்டால் நீங்கள் சரியாகப் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

---

கொன்றைப்பூ (#20)

நேற்றிரவு போய்விட்டு வந்தேன். தூங்க மணி ஒன்றாகிவிட்டது, அதனால் இப்போதுதான் எழுதுகிறேன்.

சிறப்புக் கூட்டம் ரத்து. மின்னஞ்சல் போட்ட மறுநாள் காலையிலேயே அறிவிப்பு வந்தது. இடைக்கால மேனேஜர் ஒப்பந்தம் அடுத்த வழக்கமான கூட்டத்துக்குப் போயிருக்கிறது.

நேற்று கூடத்தில் 23 பேர் இருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன். நூலகத்தில் பார்த்துப் பழகிய இரண்டு தாத்தாக்களும் வந்திருந்தார்கள். நான் மூன்றாவதாகப் பேசினேன். கை நடுங்கியது. 'பக்கம் ஒன்பது' என்று தொடங்கினேன். நெய்தல் சொன்னது போலவே காகிதம் புரண்டது. 12 மாதத்தைக் கொடுங்கள், அது நீங்கள் கொடுத்த வாக்கு என்றேன். ஆலோசகர் என்ன வேலை செய்வார் என்று கேட்டேன். காப்பீட்டைப் பற்றிக் கேட்டேன். மஞ்சள் விளக்கு எரிந்தபோது இன்னும் இரண்டு வரி மீதமிருந்தது. ஓடிப் படித்து முடித்தேன்.

நகர வழக்கறிஞர் காப்பீட்டை 12 மாதமாகத் திருத்த வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆலோசகர் பதவியைப் பற்றி ஒரு கவுன்சிலர், முதலில் மேனேஜரை நீக்க ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர், "வேலை விவரம் எங்கே?" என்று கேட்டார். பதில் வரவில்லை. மூன்றுக்கு இரண்டில் அது நீக்கப்பட்டது. 12 மாதச் சம்பளம் ஐந்து ஓட்டோடு நிறைவேறியது. 2,52,000 டாலர். அதுவும் பெரிய பணம்தான். நூலகம் வியாழக்கிழமை இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஆனால் 84,000 டாலர் நகரக் கணக்கிலேயே நிற்கிறது.

தாமரைக்குளம், நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசவில்லை. கடைசி வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

---

பழைய_கணக்கர் (#21)

மனசு நிறைந்தது அம்மா.

இப்போதுதான் உண்மையான வேலை. இடைக்கால மேனேஜருக்கு இப்போது எழுதும் வாசகம்தான் பிறகு நிரந்தர மேனேஜர் ஒப்பந்தத்துக்கும் அச்சாகப் போகும். எங்கள் அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றுவதுதான் வழக்கமாக இருந்தது. அதனால் வரைவு வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். செவரன்ஸ் எத்தனை மாதம், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமும் அதே அளவா? சம்பள உயர்வு எதைப் பொறுத்து, யார் மதிப்பாய்வு செய்த பிறகு? மூன்றாவதை எல்லாரும் விட்டுவிடுவார்கள்: வருடா வருடம் கால அளவு தானாக ஒரு வருடம் நீள்கிறதா? நீண்டுகொண்டே இருந்தால் மீதமிருக்கும் மாதம் குறையவே குறையாது. எந்த வருடம் நீக்கினாலும் முழுத் தொகை விழும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் செவரன்ஸ் நியாயமானது என்பது என் கருத்து. முதல் வருடம் மூன்று மாதம், பிறகு ஆறு, மூன்று வருடம் தாண்டினால் ஒன்பது.

---

தாமரைக்குளம் (#22)

முதல் வருடம் மூன்று மாதம் போதாது ஐயா. வேறு ஊரிலிருந்து வீட்டை விற்றுவிட்டு வருபவருக்கு முதல் வருடம்தான் ஆபத்து அதிகம். ஆறில் தொடங்குங்கள், ஒன்பதோடு நிறுத்துங்கள். கூடவே அந்த 90 நாள் விதியையும் கேளுங்கள்.

கொன்றைப்பூ, வரைவு எப்போது வரும்?

---

கொன்றைப்பூ (#23)

கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு. 72 மணி நேரக் கணக்குப்படி சனிக்கிழமை மாலைக்குள் ஒட்டியாக வேண்டும், ஆனால் வழக்கமாக வெள்ளிக்கிழமையே போட்டுவிடுகிறார்கள். வந்ததும் செவரன்ஸ் வரி, உயர்வு வரி, கால அளவு வரி மூன்றையும் இங்கே அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன். ஆறா மூன்றா என்பதை நீங்கள் இருவரும் அதற்குள் பேசி வையுங்கள்.

---

தாமரைக்குளம் (#24)

வெள்ளிக்கிழமை இரவு நானும் என் கணவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் தருகிறோம். அவர் இப்படி எத்தனையோ ஒப்பந்தங்களை மேசையின் அந்தப் பக்கம் இருந்து படித்தவர்.